குதிரையின் பின்பாதி

ஜனவரி 4, திங்கள்

முதலில் மானக்கேட்டை எழுதித் தொலைத்துவிடுகிறேன். இன்று ஒரு குதிரையின் பின்பாதிக்குள் மாட்டிக்கொண்டேன்.

பள்ளியில் எனக்கு நாடக அறை என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அது உடைந்த பெஞ்சுகளின் வீடு. நானும் நாடகமும் அங்கே ஒண்டுக்குடித்தனம். பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி கிடந்தது. திறந்தால் துணிக் குதிரை. முன்பாதிக்குள் ஒருவர், பின்பாதிக்குள் ஒருவர் புகுந்து நடக்க வேண்டும். உள்ளே போகிற பிள்ளைக்கு மூச்சு முட்டுமா என்று பார்க்க வேண்டியது ஆசிரியையின் கடமை அல்லவா? பின்பாதிக்குள் புகுந்து பார்த்தேன். மூச்சு முட்டியது. வெளியே வரலாம் என்றால் ஜிப் வரமாட்டேன் என்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தலைமையாசிரியை. பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தம்பதிக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வருகிறார்.

"இதுதான் எங்க நாடக அறை. இவங்கதான்..." என்று ஆரம்பித்துச் சற்று நிறுத்தினார். "இவங்கதான் எங்க நாடக ஆசிரியை."

மரியாதைக்கு வணக்கம் சொல்லத் திரும்பினேன். வால் சுழன்று யார் மேலோ பட்டது. ஒரு பொடிக் குரல் கேட்டது: "அப்பா, குதிரைக்குத் தலை எங்கே?"

"இன்னும் வரலைம்மா" என்றார் அப்பா.

நாற்பத்தேழு வயதில், இரண்டு பட்டமும் ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தியும் வைத்திருக்கிற பெண்ணுக்கு இப்படி ஓர் அறிமுகம். ஆனால் பிள்ளையைச் சேர்த்துவிட்டார்களாம். அந்தப் புகழ் எனக்குச் சேர வேண்டும்.

ஜனவரி 5

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் அல்லவா, சிரிப்பதற்கு முன்னால், "தூசி உனக்கு ஒத்துக்காதே, மாத்திரை போட்டியா?" என்றார். அப்புறம்தான் சிரித்தார். நிறுத்தவே இல்லை. சாப்பிடும்போது சிரித்தார், கடைக்குக் கிளம்பும்போது படியில் நின்று சிரித்தார். என் பத்தியைப் படித்து இந்த மனுஷன் ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை.

ஜனவரி 8

ஆண்டு விழாக் கூட்டம். விஷயம் தீவிரமானது. சிரிக்காமல் எழுத முயல்கிறேன்.

போன வருஷம் என் நாடகம் நீண்டுகொண்டே போனதில் சிறப்பு விருந்தினர் கைகழுவ எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பொன்னாடையை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

"இந்த வருஷம் ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் அடுத்த வருஷத்திலேருந்து நாடக வகுப்பு கிடையாது. ஒத்திகை பார்க்கிற கூடமும் சாருக்கு, பாடவேளையும் சாருக்கு" என்றார் தலைமையாசிரியை.

சார் என்பது கணக்கு சார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் முழங்கையை மடித்து இடுப்பில் ஊன்றி நிற்பதால் நான் அவருக்கு 'முக்கோணம்' என்று பேர் வைத்திருக்கிறேன். உட்கார்ந்தாலும் முக்கோணம்தான்.

"அப்ப சில பிள்ளைங்களைக் குறைச்சுக்கட்டுமா மேடம்?"

"ஒரு பிள்ளையைக்கூடக் குறைக்கக் கூடாது. பாலர் வகுப்பிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் எல்லாரும் மேடையில நிக்கணும், ஒரு வார்த்தையாவது பேசணும். இல்லேன்னா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"பள்ளிக்கூடமே மேடையில நிக்கணும், ஆனா சீக்கிரம் இறங்கணும்" என்றார் முக்கோணம். "ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க. கணக்கு இடிக்குது."

இடிக்கட்டும்.

ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து நகைச்சுவை எழுதுவதைப் போலச் சோகமான வேலை உலகத்தில் கிடையாது. சுவரைப் பார்த்து ஒரு வரி எழுதுவேன், சுவர் சிரிக்காது. இந்தக் கூடத்தில்தான் நான் ஒரு வரி சொன்னால் ஐம்பது பல் தெரியும், அதில் பாதி விழுந்த பல். அதை விட்டுவிட்டுச் சுவருக்கே திரும்பிப் போவதா? மாட்டேன்.

ஜனவரி 9

கதை கிடைத்துவிட்டது. குளிக்கும்போது கிடைத்தது, தலையில் நுரையோடு ஓடிவந்து எழுதினேன். வீட்டுக்காரர் தரையைத் துடைத்தார்.

ராஜாவின் குதிரை தொலைந்துவிடுகிறது. நாடு முழுக்கத் தேடுகிறார். கொல்லரை, மீனவரை, தையல்காரியை, திருடனை, நிலாவை, தவளையை எல்லாம் கேட்கிறார். ஒவ்வொருவரும் ஒரே வரியில் "நான் பார்க்கலை ராஜா" என்று தங்கள் பாணியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். குதிரையோ முதல் காட்சியிலிருந்து ராஜாவுக்குப் பின்னாலேயே நிற்கிறது. கடைசியில் பொறுக்க முடியாமல் கனைக்கிறது. ராஜா திரும்புகிறார். திரை.

எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் தாங்கும். பெட்டியில் இருக்கிற குதிரைக்கும் வேலை கிடைக்கும்.

ஜனவரி 13

பாத்திரங்கள் முடிவாகின. ராஜா, பன்னிரண்டாம் வகுப்புப் பையன். மீசை சொந்தம் என்ற ஒரே தகுதியில். குதிரையின் முன்பாதி, எட்டாம் வகுப்பு 'கேப்டன்'. பூப்பந்துக் குழுத் தலைவி. அம்மாவிடம்கூட விசில் அடித்துத்தான் பேசுவாள் என்று கேள்வி. பின்பாதிக்கு அதே வகுப்பில் அவள் சிநேகிதி.

அன்று தலையைத் தேடியவள் இப்போது பாலர் வகுப்பில் இருக்கிறாள். 'பொடிசு' என்று கூப்பிடுகிறேன். அவளுக்குத் தவளை வேஷம். "தவளை எதுக்கு மிஸ் பேசணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் தொழிலையே அசைத்துவிட்டது.

ஜனவரி 19, செவ்வாய்

முதல் முழு ஒத்திகை. முக்கோணம் கூடத்துக் கடைசி நாற்காலியில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். "சும்மாதாங்க வந்தேன்" என்றார். கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதரை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

பாதி நாடு "பார்க்கலை" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிப்போயிற்று.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வசனம் மறக்கிறது. மறந்தவுடன் பிள்ளை என்னைப் பார்க்கும், நான் ஓரத்திலிருந்து வாயசைப்பேன், பிள்ளைக்குப் புரியாது, நான் பெரிதாக வாயசைப்பேன். "மீன் மூச்சு விடுற மாதிரி இருந்துச்சுங்க" என்றார் முக்கோணம்.

ஜனவரி 22

கடவுளே, நான் எவ்வளவு புத்திசாலி.

இன்று பொடிசு வசனத்தை மறந்து மேடையில் விழித்துக்கொண்டு நின்றாள். ராஜா காத்திருந்தார், குதிரை காத்திருந்தது. திடீரென்று பொடிசுக்கு நிஜமாகவே ஒரு தும்மல். கூடமே சிரித்தது. அந்தக் கலகலப்பில் அடுத்த காட்சிக்காரர்கள் தாமாகவே உள்ளே வந்துவிட்டார்கள், நாடகம் நிற்காமல் ஓடியது. யாரும் மறந்ததாகவே தெரியவில்லை.

உடனே சட்டம் போட்டேன்: வசனம் மறந்தால் விழிக்கக் கூடாது, என்னைப் பார்க்கக் கூடாது, தும்ம வேண்டும். தும்மல் கேட்டால் அடுத்த காட்சிக்காரர்கள் யோசிக்காமல் மேடைக்கு வர வேண்டும்.

பாலர் வகுப்புக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி பிறந்ததிலிருந்து கிடைத்திருக்காது. "தும்மலாமா மிஸ்? நிஜமாவா மிஸ்?" மாலை மணி அடிக்கிறவரை தும்மிப் பழகினார்கள். வகுப்பு ஆசிரியை வந்து, பிள்ளைகளுக்கெல்லாம் சளி பிடித்துவிட்டது, விடுமுறை விடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 27

வராந்தாவில் முக்கோணம் என்னை மறித்தார்.

"ஒரு சந்தேகங்க. மேடையில யாராச்சும் நிஜமாவே தும்மிட்டா?"

"நிஜத் தும்மல் வேற, நாடகத் தும்மல் வேற சார். குழந்தைங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டு வருஷமா அவங்களோட பழகறேன் சார்."

தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். நடையில்கூட முக்கோணம்.

பிப்ரவரி 1, திங்கள்

ஒத்திகை ஒரு மணி நேரத்துக்கு இன்னும் கால் மணி கூடுதலாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் வசனத்தைப் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் தும்மல் இருக்கிறதே. நேரம் குறைகிறதே என்று நானும் கண்டுகொள்ளவில்லை. உடனே அவர்களின் பெற்றோர் வந்துவிட்டார்கள். "எங்க பையனுக்கு வெறும் தும்மல்தானா வேஷம்?" ஓர் அம்மா கண்கலங்கிவிட்டார். அந்தப் பையன் திருடன். இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து மீனவனின் அப்பா வந்தார். அவருக்கும் இரண்டு.

இப்போது இருபது நிமிடம் கூடுதல்.

பிப்ரவரி 3

தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதலாமென்று பார்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "குறட்டை விட்டியே" என்கிறார். நான் குறட்டை விடுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஓர் அபாண்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8, திங்கள்

குதிரை உடைந்தது. துணி அல்ல, நட்பு. கேப்டனும் சிநேகிதியும் பேசிக்கொள்வதில்லை.

"எப்பப் பாரு நான்தான் பின்னாடி மிஸ். அவ மட்டும் கை காட்டறா, தலையாட்டறா, எல்லாரும் அவளைத்தான் பார்க்கறாங்க. நான் குனிஞ்சுக்கிட்டு அவ இடுப்பைப் பார்த்துக்கிட்டே நடக்கணுமா?"

நியாயம். குதிரையாகப் பார்த்தாலும் நியாயம், நட்பாகப் பார்த்தாலும் நியாயம். அவளைச் சூரியனாக்கினேன். சூரியன் யாருடைய இடுப்பையும் பார்க்க வேண்டாம்.

பின்பாதிக்கு ஆள் தேடி எல்லா வகுப்புக்கும் போனேன். ஒருவரும் கை தூக்கவில்லை. பொடிசுதான் எழுந்து சொன்னாள்: "மிஸ், நீங்கதான் அன்னிக்கே இருந்தீங்களே."

பிப்ரவரி 9

குதிரையானேன். கேப்டன் முன்னால் நின்று கட்டளையிடுகிறாள்: "இடது கால் மிஸ். இடது. மிஸ், அது வலது." இத்தனை காலம் பிள்ளைகளிடம், "முதுகு காட்டாதே, முகத்தைக் காட்டு" என்று கத்திக்கொண்டிருந்தேன். இப்போது என் நடிப்பு முழுக்க முதுகுதான்.

கடைசியில் கனைப்பதும் நான்தானாம். "நான் கேப்டன் மிஸ், கனைச்சா நல்லா இருக்காது" என்றுவிட்டாள்.

உள்ளே ஏகத் தூசி. வீட்டுக்காரர் மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்தார். போட்டால் தூக்கம் சொக்கும். குதிரை நின்றபடி தூங்கும் என்றாலும் நான் அப்படித் தூங்கிப் பழகவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 11

கடைசி ஒத்திகை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்னும் பத்து நிமிடம் கூடுதல். முக்கோணம் கூடத்தின் சுவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பலகை மாட்ட இடம் பார்க்கிறார். பார்க்கட்டும். நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

பொடிசு என் கையைப் பிடித்து, "பயமா இருக்கா மிஸ்?" என்றாள். பயமா, எனக்கா? ஆமாம்.

பிப்ரவரி 12, வெள்ளி

இன்னும் சிரிப்பு நிற்கவில்லை. வரிசையாக எழுத முயல்கிறேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினர் எங்கள் பழைய மாணவர், இன்றைக்கு ஊரறிந்த பல் டாக்டர். முன்வரிசையில், கையில் கைக்குட்டையோடு. அவருக்கு ஒரு பக்கம் தலைமையாசிரியை, மறுபக்கம் கடிகாரத்தோடு முக்கோணம்.

திரை விலகியது. ராஜா வந்தார், பின்னாலேயே குதிரையாகிய நாங்கள். கொல்லர்கள் வந்து வரிசையாக "பார்க்கலை" சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாம் ஒழுங்காக, அதாவது மெதுவாக, போய்க்கொண்டிருந்தது. உள்ளே எனக்கு மூக்கில் ஏதோ பஞ்சு. தும்மல் தொண்டைவரை வந்துவிட்டது. மூச்சைப் பிடித்தேன், நாக்கைக் கடித்தேன், கேப்டனின் இடுப்பு வாரைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டேன். அடக்கினேன். மேடைக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் அதே நேரத்தில் வெளியே கேட்டது ஒரு தும்மல். சாதாரணத் தும்மல் இல்லை, பெரிய மனிதத் தும்மல். கைக்குட்டைக்காரர்தான். வேறு யார்?

சட்டம் சட்டம்தானே. தும்மல் கேட்டது, மீனவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். கொல்லர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை, அதனால் போக மறுத்தார்கள். பாலர் வகுப்பு, ஒரு தும்மலுக்கு மறுதும்மல் போடாவிட்டால் மரியாதையில்லை என்று நினைத்ததோ என்னவோ, ஓரத்திலிருந்து ஒன்றாகத் தும்மியது. தையல்காரிகள் வந்தார்கள். அதைப் பார்த்து அவையில் யாரோ சிரித்துச் சிரித்துத் தும்மினார்கள். திருடர்கள் வந்தார்கள். நிலா வந்தது, சூரியனும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். தவளைகள் குதித்து வந்தன. பள்ளிக்கூடமே மேடையில். எனக்கு ஒன்றும் தெரியவில்லை; துணி ஓட்டையில் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. எல்லாக் கால்களும்.

"மிஸ், என்ன பண்றது?" என்றாள் கேப்டன். அவள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

"நில்லு" என்றேன். வேறு தெரியவில்லை. முடிந்தது, கூடம் கணக்குக்குப் போயாச்சு என்று நினைத்தேன்.

அப்போது பன்னிரண்டாம் வகுப்பு ராஜா, அந்த மீசைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம், மேடையின் நடுவில் நின்று கையை விரித்துக் கேட்டான்: "என் நாட்டு மக்களே, எல்லாரையும் கேக்கறேன். என் குதிரையைப் பார்த்தீங்களா?"

மொத்தப் பள்ளியும் அவரவர் வசனத்தை அவரவர் பாணியில் ஒரே நேரத்தில் சொன்னது. "பார்க்கலை ராஜா" என்ற சத்தத்தில் விளக்கு ஆடியது. நான் கனைத்தேன். என் வாழ்நாளில் அப்படிக் கனைத்ததில்லை. ராஜா திரும்பினான். திரை.

கைத்தட்டல் நிற்கவே இல்லை. நான் பயந்தது பெற்றோர்களுக்கு. ஆனால் ஒருவருக்கும் குறையில்லை. கொல்லனின் அம்மா, "என் பையன் குரல் தனியாக் கேட்டுச்சு" என்கிறார். திருடனின் அம்மா, "எல்லாரையும் தாண்டி இவன்தான்" என்கிறார். அவரவர் தம் பிள்ளையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், தம் பிள்ளையை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் இத்தனை நாள் ஒவ்வொருவராகப் பேசவைத்து எல்லோரையும் வதைத்திருக்கிறேன்.

டாக்டர் மேடையேறினார். "இத்தனை பேர் ஒரே நேரத்துல வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் பல் நல்லா இருக்கு" என்றார். பொன்னாடையை நின்று வாங்கிக்கொண்டார். ஓடவில்லை.

தலைமையாசிரியை முக்கோணத்தைப் பார்த்தார். முக்கோணம் கடிகாரத்தைப் பார்த்தார், காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார், திரும்பவும் பார்த்தார்.

"மொத்தமே பதினோரு நிமிஷம்" என்றார்.

பிப்ரவரி 13

காலையிலிருந்து தொலைபேசியை வைக்கவில்லை. அக்காவிடம் சொன்னேன், அக்கா கேட்க மறந்ததால் அவள் மருமகளிடமும் சொன்னேன். "டாக்டர் தும்மினாரு பாரு, அந்த ஒரு தும்மல்தான் என் வகுப்பைக் காப்பாத்துச்சு." இந்த வாரப் பத்திக்கும் அதையே எழுதி அனுப்பிவிட்டேன். தலைப்பு: 'ஒரு பல் டாக்டரின் தும்மல்'. வீட்டுக்காரர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். முதல் முறை.

பிப்ரவரி 15, திங்கள்

நாடக வகுப்பு இருக்கிறது. கூடமும் இருக்கிறது. தலைமையாசிரியை, "அடுத்த வருஷமும் இதே பதினோரு நிமிஷம், இதே மாதிரி" என்றார். இதே மாதிரி எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

முக்கோணம் வராந்தாவில் மறித்தார். கையை இடுப்பிலிருந்து எடுத்திருந்தார், அடையாளமே தெரியவில்லை.

"நான் கணக்குப் போட்டுப் பார்த்தேங்க. எல்லாரும் ஒண்ணாப் பேசினா நேரம் கூடாது. எனக்கு அது தோணவே இல்லை." கொஞ்சம் தயங்கினார். "அடுத்த வருஷம் சின்ன வேஷமா ஏதாச்சும் இருந்தா... மரம் மாதிரி..."

"மரம் எல்லாம் பெரியவங்களுக்கு சார். தவளை தரேன்."

"சரிங்க" என்றார்.

பிப்ரவரி 17

பத்தி அச்சாகி வந்துவிட்டது. டாக்டர் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாராம். அவர் மருத்துவமனைக்கு வருகிறவர்களெல்லாம் சளிக்கு வைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். "நான் தும்மினேனா? ஞாபகமே இல்லையே. சரி, தும்மியிருப்பேன், பள்ளிக்கு நல்லதுதானே" என்றாராம். எவ்வளவு பெருந்தன்மை.

பிப்ரவரி 19, வெள்ளி

பொடிசின் அப்பா விழாவை நாற்காலி மேல் ஏறி நின்று படம் பிடித்திருக்கிறார். மேடையும் முன்வரிசையும் ஒன்றாகத் தெரிகிற கோணம். இன்று நாடக அறையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம்: முக்கோணம், கேப்டன், மீசை ராஜா, என் மடியில் பொடிசு.

அந்த இடம் வந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க, டாக்டரைப் பாருங்க" என்றேன்.

டாக்டர் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வாய் மூடியிருக்கிறது. தும்மல் கேட்கிறது. மேடையில் குதிரையின் வால் மட்டும் ஒரு முறை மேலே தூக்கிப் போடுகிறது.